கம்ப்யூட்டரில் தெரியாத எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பையில் போட்டுத் தூக்கிப்போகிற சின்ன எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறோம். இரண்டரை அங்குல டிஸ்க், தனி அடாப்டர் கிடையாது, கரண்டும் டேட்டாவும் ஒரே கேபிளில் போகும். பென் டிரைவ், மேசையில் நிற்கும் பெரிய டிஸ்க் எல்லாம் இடையில் வரும். விண்டோஸ் 10, 11 வைத்திருப்பவர்களை நினைத்தே பெரும்பாலும் எழுதியிருக்கிறேன். மேக், லினக்ஸ்காரர்களுக்குக் கீழே தனி இடம் உண்டு.

முதலில் ஒன்று. டிஸ்க்கில் இருப்பதற்கு வேறு எங்கும் காப்பி இல்லையென்றால், திரையில் என்ன பெட்டி வந்து எதைக் கேட்டாலும் 'ஃபார்மட்', 'இனிஷியலைஸ்' இரண்டையும் தொடாதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

செருகினால் ஒன்றுமே நடக்கவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

காதிலிருந்து. ஃபேனை நிறுத்திவிட்டு டிஸ்க்கை மேசையில் படுக்க வையுங்கள். கேபிளைச் செருகி, மேல்மூடியில் விரல் நுனியை லேசாக வையுங்கள். நல்ல டிஸ்க் சில விநாடிகளில் 'ஸ்ஸ்ஸ்' என்று வேகமெடுக்கும். விரலில் சன்னமான அதிர்வு தெரியும். கூடவே மெல்லிதாக ஒரு 'டக்' கேட்கும். டேட்டாவைப் படித்து எழுதும் முனைக்கு ஹெட் என்று பெயர்; ஓரத்தில் ஒதுங்கியிருந்த அது, சுற்றுகிற தட்டின் மேல் வந்து சேரும் சத்தம்தான் அது. அதற்குப் பிறகு சீராக ஓடும்.

இப்படி ஓடினால் பாதிக் கவலை தீர்ந்தது. டிஸ்க் உயிரோடுதான் இருக்கிறது. கேபிளிலோ போர்ட்டிலோ விண்டோஸிலோதான் தேட வேண்டும். விளக்கும் இல்லை, அசைவும் இல்லை என்றால் கரண்டே போய்ச் சேரவில்லை: கேபிள், போர்ட், அல்லது டிஸ்க் பெட்டிக்குள் இருக்கும் சின்ன போர்டு. 'பீ... பீ...' என்று முனகினால் மோட்டார் சுற்ற முயன்று முடியாமல் தவிக்கிறது. 'டிக், டிக், டிக்' என்று ஒரே தாளத்தில் தட்டினால் உடனே கழற்றிவிட்டு, கீழே அதற்கென்று இருக்கும் கேள்விக்குப் போங்கள்.

சத்தம் கேட்கிறேன் என்று ஓடுகிற டிஸ்க்கைத் தூக்கிக் காதில் வைக்க வேண்டாம். படுத்த இடத்திலேயே இருக்கட்டும்.

விளக்கு எரிகிறது, சுற்றவும் செய்கிறது. ஆனாலும் வரவில்லை. வெறும் கேபிள் காரணமாக இருக்குமா?

இருக்கும். என்னைக் கேட்டால் முதல் சந்தேகம் எப்போதும் கேபிள் மேல்தான் விழ வேண்டும். அதுவும் யூஎஸ்பி 3.0 டிஸ்க்குகளில் வரும் அந்த அகலமான, தட்டையான மைக்ரோ-பி முனை இருக்கிறதே, அது சரியான தொல்லை. நேராகப் பாருங்கள்: நடுவில் ஒரு சின்னப் பள்ளம், அதற்கு இரு பக்கமும் இரண்டு பகுதி. ஒரு பகுதி பழைய போன்களில் இருந்த சாதாரண மைக்ரோ யூஎஸ்பியேதான், ஐந்து பின். பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது 3.0 வேகத்துக்காகச் சேர்த்த இன்னொரு ஐந்து பின். கரண்டு வருவது பழைய பகுதியில். அதனால்தான் வேகப் பகுதியில் தொடர்பு அறுந்திருந்தாலும் விளக்கு எரிகிறது, டிஸ்க் சுற்றுகிறது, கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒன்றும் தெரிவதில்லை. அல்லது தெரிந்து மறைந்து, மறுபடி தெரிந்து மறைந்து, 'டிங், டங்' என்று விண்டோஸ் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

இதைச் சோதிக்கக் காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. பழைய மைக்ரோ யூஎஸ்பி டேட்டா கேபிள் வீட்டில் கிடந்தால், அதை டிஸ்க்கின் சாக்கெட்டில் அகலமான பகுதியில் செருகுங்கள், கச்சிதமாக உட்காரும். இப்போது டிஸ்க் யூஎஸ்பி 2.0 ஆக ஓடும். இதில் வந்துவிட்டால், கோளாறு 3.0 பின்களின் பக்கம் என்பது உறுதி. புதுக் கேபிள் வாங்கிப் பார்க்கலாம். சாக்கெட்டே ஆடுகிறது என்றால், இந்தப் பழைய கேபிளிலேயே முதலில் டேட்டாவை வெளியே எடுத்துவிடுங்கள். விநாடிக்கு 35 எம்பி போல ஊர்ந்துதான் போகும். 1 டிபி முழுவதையும் எடுக்க ஏறக்குறைய எட்டு மணி நேரம். ஆனாலும் வரும்.

சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிள்கள் நிறைய உலவுகின்றன. அவற்றில் டேட்டா வயரே இருக்காது. சோதனைக்கு எடுக்கும் கேபிள் போனிலிருந்து போட்டோ காப்பி செய்யப் பயன்பட்டதுதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டைப்-சி கேபிளிலும் இதே கதைதான்.

எந்த போர்ட்டில் செருகினாலும் ஒன்றுதானே?

இல்லை. யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் தந்தால் போதும் என்பது விதி, 3.0 போர்ட்டுக்கு அது 900. இரண்டரை அங்குல டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது குறைவாகத்தான் இழுக்கும், ஆனால் நின்ற நிலையிலிருந்து தட்டைச் சுற்றத் தொடங்கும் அந்த ஒன்றிரண்டு விநாடிக்கு ஓர் ஆம்பியரை நெருங்கக் கேட்கும். அங்கேதான் பல போர்ட்டுகள் கைவிடுகின்றன.

டெஸ்க்டாப் என்றால் முன்பக்க போர்ட்டை நம்பாதீர்கள். கேபினெட்டுக்குள் ஒரு நீள வயர் வழியாக மதர்போர்டுக்குப் போகிறது அது. வயர் மெல்லிசாக இருந்தால் வழியிலேயே வோல்டேஜ் இறங்கும். பின்பக்கம், மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் போர்ட்டில் செருகுங்கள். உள்ளே நீல நாக்கு இருப்பது பெரும்பாலும் 3.0. அடாப்டர் இல்லாத ஹப்பில் கீபோர்டு, மவுஸ், டாங்கிள் எல்லாவற்றையும் தொங்கவிட்டு, அதிலேயே டிஸ்க்கையும் செருகுவது வேண்டாம். நீட்டிப்பு வயரும் வேண்டாம். பழைய லேப்டாப்பில் 2.0 போர்ட் மட்டும்தான் இருக்கிறது என்றால், இரண்டு போர்ட்டிலிருந்து கரண்டு எடுக்கும் 'ஒய்' கேபிளோ, சொந்த அடாப்டர் உள்ள ஹப்போ பாருங்கள்.

இன்னொரு சின்ன வேலை. கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, வயரை உருவி (லேப்டாப்பில் கழற்ற முடிந்தால் பேட்டரியையும் எடுத்து), பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மீதமிருக்கும் மின்சாரம் வடிந்ததும், உறைந்துபோன யூஎஸ்பி கன்ட்ரோலர் புதிதாக எழும். மந்திரம் மாதிரி இருக்கும், ஆனால் சில நேரம் நிஜமாகவே வேலை செய்கிறது.

'பீ... பீ...' என்ற முனகல் சத்தம். டிஸ்க் போய்விட்டதா?

உடனே முடிவு கட்ட வேண்டாம். அந்தச் சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வருவதில்லை; சுற்ற முடியாத மோட்டாரே எழுப்புவது. கரண்டு போதாவிட்டாலும் வரும், ஹெட் தட்டோடு ஒட்டிக்கொண்டாலும் வரும். நல்ல கேபிள், பின்பக்க 3.0 போர்ட், முடிந்தால் வேறொரு கம்ப்யூட்டர் என்று மாற்றிப் பாருங்கள். அங்கேயும் முனகினால் ஹெட் ஒட்டியிருக்கிறது அல்லது மோட்டார் இறுகியிருக்கிறது. கீழே விழுந்த டிஸ்க் என்றால் சந்தேகமே வேண்டாம். உள்ளங்கையில் தட்டுவது, வெடுக்கென்று திருப்புவது என்று யூடியூபில் காட்டும் வித்தைகள் எதுவும் வேண்டாம். இரண்டரை அங்குல டிஸ்க்குகள் பலவற்றில் தட்டு கண்ணாடியால் ஆனது.

'டிங்' என்று சத்தம் வருகிறது. ஆனால் 'திஸ் பிசி'யில் டிரைவ் இல்லையே?

அந்த 'டிங்' நல்ல செய்தி. ஏதோ வந்திருக்கிறது என்று விண்டோஸுக்குத் தெரிகிறது. 'திஸ் பிசி' எல்லாவற்றையும் காட்டாது. டி, இ என்பதுபோல் எழுத்து ஒதுக்கப்பட்ட டிரைவ்களை மட்டும்தான் காட்டும். பார்க்க வேண்டிய இடம் டிஸ்க் மேனேஜ்மென்ட். விண்டோஸ் கீயோடு எக்ஸ் எழுத்தை அழுத்தினால் ஒரு மெனு வரும், அதில் இருக்கிறது.

திறந்ததும் கீழ்ப்பாதியைப் பாருங்கள். டிஸ்க் 0 பெரும்பாலும் கம்ப்யூட்டருக்குள் இருப்பது. டிஸ்க் 1, 2 என்று வரிசையில் வருவதில் உங்களுடையதைக் கொள்ளளவை வைத்துக் கண்டுபிடியுங்கள். 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்றுதான் காட்டும். கம்பெனி ஆயிரத்தால் எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆல் எண்ணுகிறது. குறைந்துவிட்டதே என்று பதற வேண்டாம். இந்த ஓர் எண் சரியாக வந்தாலே டிஸ்க்கின் போர்டு கம்ப்யூட்டரோடு பேசுகிறது என்று அர்த்தம்.

இனி அந்த வரிசையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து வேலை மாறும். நீலப் பட்டை, 'ஹெல்தி' என்ற சொல், ஃபைல் சிஸ்டத்தின் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை) பெயர் எல்லாம் இருந்து எழுத்து மட்டும் இல்லையென்றால் இது மிக எளிய கேஸ். பட்டையில் ரைட் கிளிக், 'சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்', 'ஆட்', ஓர் எழுத்து கொடுத்து ஓகே. அவ்வளவுதான். கார்டு ரீடரோ ஆபீஸ் நெட்வொர்க் டிரைவோ அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டால் இப்படி ஆகும். கடைசிப் பக்கத்து எழுத்தாகக் கொடுத்தால் மறுபடி மோதாது.

'ஆஃப்லைன்' என்று இருந்தால் இடப்பக்கம் டிஸ்க் பெயரில் ரைட் கிளிக் செய்து 'ஆன்லைன்' கொடுங்கள். ஒரு டிஸ்க்கைக் குளோன் செய்து, அசலையும் நகலையும் ஒரே நேரத்தில் செருகினால் இப்படி வரும். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் என்பதால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கி வைக்கும்.

கறுப்புப் பட்டை, 'அன்அலோகேட்டட்' என்றால்: புது டிஸ்க்காக இருந்தால் ஒரு பார்ட்டிஷன் (டிஸ்க்கில் ஃபைல் வைக்கப் பிரிக்கும் பகுதி) போட்டுக்கொள்ளுங்கள், வேலை முடிந்தது. நேற்றுவரை போட்டோ இருந்த டிஸ்க் என்றால் பார்ட்டிஷன் அட்டவணை அழிந்திருக்கிறது. போட்டோக்கள் பெரும்பாலும் அங்கேயே இருக்கும், எங்கே இருக்கின்றன என்ற குறிப்புதான் போயிருக்கிறது. புதுப் பார்ட்டிஷன் போட்டுவிடாதீர்கள். 'ரா' என்று இருந்தால் அடுத்த கேள்விக்குப் போங்கள். 'நோ மீடியா' என்றோ கொள்ளளவு பூஜ்யம் என்றோ காட்டினால், பெட்டிக்குள் இருக்கும் போர்டு பேசுகிறது, அதற்குப் பின்னால் இருக்கும் டிஸ்க் பேசவில்லை. சாஃப்ட்வேரால் ஆகக்கூடியது அங்கே எதுவும் இல்லை.

டிஸ்க் மேனேஜ்மென்ட் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கேபிளை உருவினால் உடனே திறக்கிறது என்றால் அது மோசமான அறிகுறி. டிஸ்க்கில் படிக்க முடியாத செக்டார்கள் (டேட்டாவைப் பிரித்து வைக்கும் சின்னத் துண்டுகள்) இருக்கின்றன. விண்டோஸ் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டிருக்கிறது. பத்துத் தடவை செருகிப் பார்ப்பதால் சரியாகாது. தேய்மானம்தான் கூடும்.

'ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்' என்கிறது. கல்யாண வீடியோ உள்ளே இருக்கிறது. என்ன செய்ய?

'கேன்சல்' கொடுங்கள். விண்டோஸ் சொல்வதெல்லாம் 'எனக்கு இதைப் படிக்கத் தெரியவில்லை' என்பதுதான். படிக்கத் தெரியாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டும் வேறு வேறு.

ஒன்று, டிஸ்க்கில் எந்தக் கோளாறும் இல்லாமலே இப்படி வரும். ஸ்டுடியோக்காரர் மேக்கில் எடிட் செய்து, மேக் ஃபார்மட்டிலேயே டிஸ்க்கைக் கொடுத்திருப்பார். ஆப்பிளின் எச்எஃப்எஸ் பிளஸ், ஏபிஎஃப்எஸ் இரண்டையும் விண்டோஸ் தானாகப் படிக்காது. லினக்ஸின் எக்ஸ்ட்4 ஐயும் அப்படித்தான். தெரியாத எதைப் பார்த்தாலும் 'ஃபார்மட் செய்யட்டுமா' என்று கேட்பது அதன் பழக்கம். நல்ல வீடியோவை இந்தப் பெட்டியைப் பார்த்துப் பதறி அழித்தவர்கள் உண்டு. ஸ்டுடியோவுக்கு ஒரு போன் போட்டு எந்த ஃபார்மட் என்று கேளுங்கள், அல்லது மேக் வைத்திருப்பவரிடம் செருகிப் பாருங்கள். அங்கே திறந்தால், எக்ஸ்ஃபேட் ஃபார்மட் செய்த வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுத்துக்கொள்ளலாம். அதை இரண்டு சிஸ்டமும் படிக்கும்.

இரண்டாவது, ஃபைல் சிஸ்டம் நிஜமாகவே கெட்டுப்போனது. காப்பி ஆகும்போது உருவியிருப்பார்கள், கரண்டு போயிருக்கும். அப்போது டிஸ்க் மேனேஜ்மென்டில் 'ரா' என்று தெரியும். டிஸ்க் சத்தமில்லாமல் சீராக ஓடுகிறதென்றால் டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச சாஃப்ட்வேரால் பார்ட்டிஷனைத் தேடிப் பார்க்கலாம். 'ரைட்' கொடுக்காதவரை அது டிஸ்க்கில் எதையும் எழுதாது. கிடைத்த ஃபைல்களை வேறு டிஸ்க்குக்குத்தான் எடுக்க வேண்டும், அதே டிஸ்க்கில் அல்ல. அதன் துணையான ஃபோட்டோரெக் இன்னும் ஆழமாகத் தோண்டும். ஆனால் ஃபைல் பெயரும் ஃபோல்டரும் போய், எல்லாம் ஒரே குவியலாக வரும்.

செக் டிஸ்க் கட்டளையை ஓட்டச் சொல்லும் குறிப்புகள் எங்கும் கிடைக்கும். அது டிஸ்க்கை ஒழுங்குபடுத்தப் பிறந்தது. உங்கள் ஃபைலைக் காப்பாற்றுவது அதன் கவலை இல்லை. கணக்குக்கு ஒத்துவராத ஃபைலைத் துண்டு துண்டாக்கி, 'ஃபவுண்ட்' என்ற ஃபோல்டரில் கொட்டிவிட்டுப் போய்விடும். 'ரா' ஆகிவிட்ட டிஸ்க்கில் அது ஓடவே ஓடாது. டேட்டாவை எடுத்த பிறகு வேண்டுமானால் ஓட்டிக்கொள்ளுங்கள்.

டிஸ்க் மேனேஜ்மென்டிலும் இல்லை. டிரைவர் பிரச்சினையா?

எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு என்று தனி டிரைவர் தேடி இன்டர்நெட்டில் அலைய வேண்டாம். விண்டோஸிலேயே இருக்கிறது. 'டிரைவர் அப்டேட்டர்' என்று வரும் விளம்பர சாஃப்ட்வேர்களால் நடக்கும் ஒரே காரியம், கம்ப்யூட்டர் மெதுவாவது.

டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'வியூ' மெனுவில் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' கொடுங்கள். மஞ்சள் முக்கோணத்தோடு 'அன்நோன் யூஎஸ்பி டிவைஸ்' இருந்தால் ரைட் கிளிக், 'அன்இன்ஸ்டால் டிவைஸ்', பிறகு 'ஸ்கேன் ஃபார் ஹார்டுவேர் சேஞ்சஸ்'. இதில் எந்த ஃபைலும் அழியாது. மறுபடி 'கோடு 43' என்று வந்தால், கேட்ட கேள்விக்கு டிஸ்க் ஒழுங்காகப் பதில் தரவில்லை என்று பொருள்: கேபிள், கரண்டு, போர்டு என்று திரும்பவும் முதல் கேள்விக்கே போக வேண்டும். சும்மா இருக்கும்போது காணாமல்போய், உருவிச் செருகினால் வருகிறதென்றால், பவர் ஆப்ஷன்ஸில் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' என்பதை அணைத்துப் பாருங்கள்.

'டிக், டிக், டிக்' என்று தட்டிவிட்டு நின்றுவிடுகிறது.

ஹெட் தான் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ள முடியாமல் பின்வாங்கி, மறுபடி முயன்று, மறுபடி பின்வாங்குகிறது. ஓடும் தட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையே இருப்பது சில நானோமீட்டர் இடைவெளி. வளைந்த ஹெட் தட்டில் உரசினால், உரசிய இடத்தில் இருந்த டேட்டா தூளாகப் போகிறது. எந்த லேபாலும் அதைத் திருப்பித் தர முடியாது. அதனால் ஒவ்வொரு முறை செருகுவதும் செலவுதான். கழற்றி வைத்துவிடுங்கள்.

ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் வேலை செய்யும் என்ற பழைய வதந்தி இன்னும் சாகவில்லை. வெளியே எடுத்ததும் தட்டின் மேல் ஈரம் படியும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம்.

உள்ளே இருப்பது பணம் கொடுத்து மீட்கும் அளவுக்கு முக்கியமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். முக்கியம் என்றால் ரெக்கவரி லேபுக்கு அனுப்புங்கள். 'டிஸ்க்கைத் திறப்பது தூசியில்லாத கிளீன் ரூமிலா? டேட்டா வராவிட்டால் கட்டணம் உண்டா? எந்தெந்த ஃபைல் கிடைக்கும் என்ற பட்டியலைப் பணம் கட்டும் முன் காட்டுவீர்களா?' என்று கேளுங்கள். நம் கண் முன்னாலேயே சாதாரண மேசையில் ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறக்கப் போகிறார் என்றால், நன்றி சொல்லி டிஸ்க்கை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

பெட்டியை உடைத்து, உள்ளே இருக்கும் டிஸ்க்கை வேறு கேஸில் போட்டால்?

பெட்டியின் போர்டு மட்டும் போயிருந்தால் நல்ல யோசனை, ஆனால் மூன்று தடைகள் உண்டு. சில மாடல்களில் யூஎஸ்பி சாக்கெட் டிஸ்க்கின் போர்டிலேயே நேராகப் பதிந்திருக்கும். டிஸ்க்கை மதர்போர்டிலோ வேறு கேஸிலோ இணைக்கும் சாட்டா முனையே இருக்காது, வேறு கேஸில் போட வழியில்லை. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட், மை புக் வரிசையில் பலவற்றில், நீங்கள் பாஸ்வேர்டு போடாவிட்டாலும் போர்டு டேட்டாவைப் பூட்டியேதான் எழுதும். அந்தப் போர்டு இல்லாமல் படித்தால் வெறும் குப்பை. மூன்றாவது, பழைய பெரிய டிஸ்க் பெட்டிகள் சில, செக்டார் அளவை 4096 பைட்டாக மாற்றிச் சொல்லும். உள்ளே இருக்கும் டிஸ்க்கை நேரடியாக மதர்போர்டில் இணைத்தால் 'அன்அலோகேட்டட்' என்று தெரியும். டேட்டா அழிந்ததாக நினைத்துவிடாதீர்கள். அதே மாடல் பெட்டியில் திரும்பப் போட்டால் வந்துவிடும்.

பென் டிரைவ் செருகினால் 'டிஸ்க்கைச் செருகுங்கள்' என்கிறது.

உள்ளே இருக்கும் கன்ட்ரோலருக்கும் மெமரி சிப்புக்கும் பேச்சுவார்த்தை அறுந்துவிட்டது. பெயர் மாறி ஏதோ பொதுப் பெயரில் சில எம்பி மட்டும் காட்டினாலும் இதே கேஸ்தான். டேட்டா வேண்டாம் என்றால் தூக்கிப் போடுங்கள்.

மலிவாக வாங்கிய '2 டிபி பென் டிரைவ்' என்றால் வேறு கதை. சின்ன சிப்பை வைத்துப் பெரிய அளவைப் பொய்யாகச் சொல்லும் மோசடி அது. நிஜ அளவைத் தாண்டியதும் எழுதுவதெல்லாம் காணாமல்போகும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச சாஃப்ட்வேர், முழுவதும் எழுதிப் பார்த்து உண்மை அளவைச் சொல்லிவிடும்.

டிரைவ் வருகிறது. ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டன.

இது வைரஸ் வேலை. ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர் என்று பல கம்ப்யூட்டர் மாறிவரும் பென் டிரைவில் சகஜம். ஷார்ட்கட்டைக் கிளிக் செய்யாதீர்கள். அசல் ஃபோல்டர்கள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். எக்ஸ்ப்ளோரர் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் 'ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' டிக்கை எடுத்து, 'ஷோ ஹிடன் ஃபைல்ஸ்' கொடுத்தால் தெரியும். ஆன்டிவைரஸ் ஸ்கேன் முடித்துவிட்டுக் காப்பி எடுங்கள்.

ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் வரவில்லை. வீட்டில் வருகிறது.

ஐடி டிபார்ட்மெண்ட் யூஎஸ்பி ஸ்டோரேஜை மூடி வைத்திருப்பார்கள். மவுஸ் வேலை செய்யும், டிஸ்க் செய்யாது. குறுக்கு வழி தேடாதீர்கள், வேலைக்கு ஆபத்து.

மேக்கில் தெரியவில்லை.

ஃபைண்டர் செட்டிங்ஸில் 'எக்ஸ்டர்னல் டிஸ்க்ஸ்' டிக் செய்யப்பட்டிருக்கிறதா பாருங்கள். ஆப்பிள் சிலிக்கான் மேக்புக்கில், 2022 இல் வந்த வென்ச்சுரா முதல், புது யூஎஸ்பி சாதனம் செருகினால் 'அனுமதிக்கலாமா' என்று கேட்கும். கவனிக்காமல் 'டோன்ட் அலோ' கொடுத்திருந்தால் சார்ஜ் மட்டும்தான் போகும். பிறகு டிஸ்க் யூட்டிலிட்டியில் 'ஷோ ஆல் டிவைசஸ்' வைத்துப் பாருங்கள்.

பலர் தவறாக முடிவு கட்டும் இடம் ஒன்று உண்டு. எக்ஸ்ஃபேட் டிஸ்க்கை முன்பு எஜெக்ட் செய்யாமல் உருவியிருந்தால், அடுத்த முறை செருகும்போது மேக் பின்னணியில் முழு டிஸ்க்கையும் சரிபார்க்கத் தொடங்கும். திரையில் எந்த அறிவிப்பும் வராது. பெரிய டிஸ்க் என்றால் வெகு நேரம் ஆகும். ஆக்டிவிட்டி மானிட்டரில் 'எஃப்எஸ்சிகே' என்று தொடங்கும் புராசஸ் ஓடிக்கொண்டிருந்தால் பொறுத்திருங்கள், தானாக வந்துவிடும்.

டிரைவ் திறக்கிறது, ஆனால் எதையும் எழுத முடியவில்லை என்றால் அது பெரும்பாலும் விண்டோஸின் ஃபார்மட்டான என்டிஎஃப்எஸ். மேக் அதைப் படிக்க மட்டுமே செய்யும்.

லினக்ஸில் 'மவுண்ட் செய்ய முடியவில்லை' என்று வருகிறது.

விண்டோஸ் 8 இலிருந்து இருக்கும் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்', ஷட் டவுன் என்ற பெயரில் பாதித் தூக்கத்தில் போகும். அப்போது செருகியிருந்த என்டிஎஃப்எஸ் டிஸ்க் பாதி மூடிய நிலையில் நிற்கும், லினக்ஸ் அதைத் தொட மறுக்கும். விண்டோஸில் செருகி, ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள், முழுதாக அணையும். சாகும் நிலையில் இருக்கும் டிஸ்க்கிலிருந்து டேட்டா எடுக்க லினக்ஸைப் போல் வராது. குனூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச சாஃப்ட்வேர் நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் செக்டார்களைக் கடைசிக்கு விடும். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

டிவியிலும் போனிலும் மட்டும் வரவில்லை.

டிவிக்கு கரண்டு பற்றாக்குறை, அல்லது ஃபார்மட் பிடிக்கவில்லை. ஃபேட்32 ஃபார்மட்டைப் பெரும்பாலான டிவிகள் படிக்கும், ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் அதில் ஏறாது. சில டிவிகள் ரெக்கார்டிங்குக்காக டிஸ்க்கை ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். ரிமோட் குழந்தைகள் கையில் இருந்தால் ஜாக்கிரதை. போனில், சில பிராண்டுகள் ஓடிஜி (போனில் யூஎஸ்பி சாதனங்களை இணைக்கும் வசதி) என்ற சுவிட்சை செட்டிங்ஸில் அணைத்தே வைத்திருக்கும். கொஞ்ச நேரம் பயன்படுத்தாவிட்டால் அதுவே மறுபடி அணைந்துவிடும்.

அடாப்டர் உள்ள பெரிய டிஸ்க் திடீரென்று செத்துவிட்டது. விளக்குகூட இல்லை.

அடாப்டரை மாற்றிச் செருகினீர்களா? மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும். முனை ஒரே மாதிரி இருக்கிறதென்று 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரைச் செருகுவது வீடுகளில் அடிக்கடி நடக்கும் விபத்து. பல டிஸ்க்குகளின் போர்டில் இதற்கென்றே ஒரு காப்பு டையோடு இருக்கும். அதிக வோல்டேஜ் வந்தால் தான் ஷார்ட் ஆகி மற்றதைக் காப்பாற்றும். அப்படி ஆகியிருந்தால், தெரிந்த டெக்னீஷியன் அதை எடுத்துவிட்டு, சரியான அடாப்டரில் ஓட்டி டேட்டாவை மீட்டுக்கொடுப்பார். அதே மாடல் போர்டை வாங்கி மாட்டினால் போதும் என்ற காலம் போய்விட்டது. அந்தந்த டிஸ்க்குக்கான குறிப்புகள் போர்டில் உள்ள ரோம் சிப்பில் இருக்கின்றன, அதையும் பெயர்த்து மாற்ற வேண்டும்.

'சேஃப்லி ரிமூவ்' கொடுக்காமல் உருவினால் உண்மையிலேயே கெட்டுவிடுமா?

2018 இல் வந்த விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பு முதல், எழுதுவதை நினைவகத்தில் தேக்கி வைக்காமல் உடனே எழுதும் முறைதான் இயல்பாக இருக்கிறது. அதனால் சும்மா இருக்கும் பென் டிரைவை உருவினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சுற்றும் டிஸ்க்குக்கு நான் அந்தச் சலுகை தருவதில்லை. 'சேஃப்லி ரிமூவ்' கொடுத்தால் ஹெட் ஓரமாக ஒதுங்கி, தட்டு நின்ற பிறகு கையில் எடுக்கலாம்.

டேட்டாவை எடுத்துவிட்டேன். அதே டிஸ்க்கை ஃபார்மட் செய்து பயன்படுத்தலாமா?

காரணம் கேபிள் என்று தெரிந்தால் தாராளமாக. இல்லையென்றால் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரில் 'ஸ்மார்ட்' விவரத்தை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைப்பதைப் பாருங்கள். 'ரீஅலோகேட்டட் செக்டார்', 'கரண்ட் பெண்டிங் செக்டார்' இரண்டின் ரா மதிப்பும் (அங்கே காட்டும் நேரடி எண்ணிக்கை) பூஜ்யமாக இருந்தால் நல்லது. பெண்டிங் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் சினிமா பார்க்கக்கூட அதை நம்ப வேண்டாம். சிஆர்சி பிழை (டேட்டா வழியில் சிதைந்ததைக் காட்டும் எண்) மட்டும் கூடியிருந்தால் அது டிஸ்க்கின் குற்றமல்ல, இணைப்பின் குற்றம்.

வாரண்டி பாக்கி இருந்தால் கம்பெனிக்கு அனுப்பி மாற்று டிஸ்க் வாங்கலாம். வாரண்டி டிஸ்க்குக்கு மட்டும்தான், உள்ளே இருப்பதற்கு இல்லை. அனுப்பிய டிஸ்க் திரும்பி வராது. எனவே இன்னும் படிக்க முடிகிற டிஸ்க் என்றால், அனுப்பும் முன் முழுவதையும் அழித்துவிடுங்கள். குவிக் ஃபார்மட் போதாது, 'குவிக்' டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட்.